ஓணான்பட்டிக்காரர்கள் சென்னைக்குப் பறந்தது

ஓணான்பட்டிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அதனாலேயே அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை.

அந்த ஊர்க்காரன் துரைக்கண்ணு வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய் மூன்று வருஷமாகிவிட்டது. கூட்டாளிகள் ஒருத்தரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை என்று அவனுக்கு மனத்தாங்கல். கடைசியில் மூன்று விமான டிக்கெட்டை அனுப்பிவிட்டு, அவர்களில் ஒருவனான சோலைமலைக்குப் போன் போட்டான்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு பேரும் என் வீட்டுல கை நனைக்கணும். இல்லேன்னா இந்த ஜென்மத்துல என் மூஞ்சியில முழிக்காதீங்க. டிக்கெட்ல என்ன போட்டிருக்கோ அதும்படி நடந்துக்கங்க, போதும்."

துரைக்கண்ணு சோலைமலையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பை மூன்று தரம் படித்தவன். அந்தச் சிநேகிதம் போனால் சோலைமலைக்கு வேறு யார் இருக்கிறார்கள்? வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே மற்ற இரண்டு கூட்டாளிகள் அழகுராசாவையும் மொக்கைச்சாமியையும் இழுத்துக்கொண்டு மதுரை விமான நிலையத்துக்கு வந்துவிட்டான்.

மதுரையில் புறப்பாடு 10.40, சென்னையில் வருகை 11.55. டிக்கெட்டில் இருந்ததை சோலைமலை மனப்பாடமே செய்துவைத்திருந்தான். பைகளைக் கவுண்டரில் கொடுத்தார்கள். சோதனை போடுகிற இடத்தில், "பாக்கெட்ல இருக்கிறதை எல்லாம் எடுத்து ட்ரேயில வைங்க" என்றார் அதிகாரி. மொக்கைச்சாமியின் பாக்கெட்டுக்குள் அழகுராசாவின் கை இருந்தது. கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க ஒரு ஏற்பாடு. மொக்கைச்சாமி அந்தக் கையை எடுத்து ட்ரேயில் வைத்தான். அழகுராசா கையோடு கூடவே நடந்தான். மெஷினுக்குள் தலை நுழைகிற நேரத்தில் இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள்.

விமானத்துக்குப் போகிற கதவு திறந்தது. கூட்டம் குறையட்டும் என்று மூவரும் கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கூப்பிட்டது.

"சென்னை செல்லும் பயணிகள் சோலைமலை, அழகுராசா, மொக்கைச்சாமி..."

மொக்கைச்சாமி பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். "கெளம்புற நேரத்துல பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டாளேடா! இனிமே ஒக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்."

அது நியாயம்தான். நம் வீடுகளிலும் உள்ள வழக்கம்தானே. குடித்துவிட்டு எழுந்தார்கள். மறுபடி கூப்பிட்டது. உட்கார்ந்தார்கள், குடித்தார்கள், எழுந்தார்கள். மறுபடி கூப்பிட்டது.

"இந்தப் பொம்பளைக்கு வேற வேலையே இல்லையா?" என்றான் அழகுராசா.

"பேசாமக் குடி. பயணம் நல்லபடியா அமையணும்ல" என்றான் மொக்கைச்சாமி.

ஐந்தாவது தரம் எழுந்தபோது ஒலிபெருக்கி வாயைத் திறக்கவில்லை. பூரித்துப்போய்க் கதவை நோக்கி நடந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. சீருடை போட்ட பெண், "உங்க ப்ளேன் போயிருச்சு சார்" என்றாள்.

சோலைமலைக்கு அடிவயிறு கலங்கியது. அதற்குத் தண்ணீரும் ஒரு காரணம்.

"போச்சுடா. துரைக்கண்ணு இனிமே நம்ம சகவாசத்தையே முறிச்சிருவான்."

மொக்கைச்சாமி நிதானமாக யோசித்தான். "டிக்கெட்டு யார்ட்ட இருக்கு?"

"என்ட்டதான்."

"ப்ளேன்ட்ட டிக்கெட்டு இருக்கா?"

"அதுக்கேது?"

"டிக்கெட் இல்லாமப் போன அதுதான்டா பயப்படணும். நாம எதுக்குப் பயப்படணும்? நம்ம டிக்கெட்ல என்ன போட்டிருக்கு?"

"பதினொன்னு அம்பத்தஞ்சுக்குச் சென்னை."

"அப்ப அதுவரைக்கும் ஆடாம அசையாம ஒக்காரு."

உட்கார்ந்தார்கள். அழகுராசா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். உயரம் என்றால் அவனுக்கு ஆகாது. சரியாகப் பதினொன்று ஐம்பத்தைந்துக்கு ஓர் ஊழியர், விமானத்திலிருந்து இறக்கிவைத்த மூன்று பைகளைக் கொண்டுவந்து போட்டார். பையே வந்து சேர்ந்த பிறகு சந்தேகம் ஏது? சோலைமலை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சங்கூடக் குலுங்காமக் கொண்டாந்து சேத்துட்டீங்கண்ணே" என்றான்.

வெளியே வந்து டாக்சி பிடித்தார்கள். துரைக்கண்ணு சொல்லியிருந்த விலாசம், காந்தி நகர், மூன்றாவது தெரு, பதினாலாம் நம்பர். டிரைவர் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றிக்கொண்டார். காந்தி நகர் இல்லாத ஊர் எது?

"சென்னையைப் பத்தி என்னென்னமோ சொன்னாங்க. நம்ம மதுரை மாதிரியேதான்டா இருக்கு. கோபுரங்கூட வச்சிருக்காங்க" என்றான் அழகுராசா.

"நம்மளைப் பாத்துக் கட்டியிருப்பாங்க" என்றான் மொக்கைச்சாமி.

பதினாலாம் நம்பர் வீட்டு வாசலில் வாழைமரம் கட்டிப் பந்தல் போட்டிருந்தது. யார் வீட்டுக் குழந்தைக்கோ காதுகுத்து. சோலைமலைக்குக் கண் நிறைந்துவிட்டது. நமக்காகப் பந்தலே போட்டிருக்கிறானே, இவனைப் போய் மூன்று வருஷம் காக்க வைத்தோமே என்று உருகினான். வாசலில் நின்றவர், "வாங்க வாங்க, மொதல்ல சாப்பிடுங்க, மத்ததை அப்புறம் பேசுவோம்" என்று மூவரையும் இலைமுன் உட்கார்த்திவைத்தார்.

பாயசம் வரும் நேரத்தில் துரைக்கண்ணுவின் போன் வந்தது.

"ஏன்டா, ப்ளேன் வந்து எம்புட்டு நேரமாச்சு! நான் ஏர்போர்ட்ல காத்துக்கிட்டுக் கெடக்கேன். எங்கடா இருக்கீங்க?"

"ஒன் வீட்டுப் பந்தியிலதான் மாப்ள."

துரைக்கண்ணுவும் ஓணான்பட்டியில் பிறந்தவன்தான். சட்டென்று விளங்கிக்கொண்டான். "அட, நான் வீட்டுல இல்லைல்ல, அதான் ஒங்களைப் பாக்கலை. சாப்பாடு எப்படி?"

"அவியலை மூணு தரம் வாங்கிட்டோம்."

"எனக்கு இது போதும்டா." என்றான் துரைக்கண்ணு. "இருங்க, வந்துர்றேன்."

மூவரும் வெற்றிலை போட்டுச் சாய்ந்திருந்தபோது மறுபடியும் அவனே கூப்பிட்டான்.

"மாப்ள, வீட்டுக்கு வந்துட்டேன். நீங்க கொல்லைப்பக்கம் கை கழுவப் போயிருக்கீங்க போல. என் வீட்டுக்காரி யாருமே வரலைங்கிறா, அசந்து தூங்கியிருப்பா. அது கெடக்கட்டும். இங்க ஒரு அதிசயம்டா! மூணு தடியங்க தின்னும் பானையில சோறு வச்சது வச்சபடியே இருக்கு. ஒரு பருக்கை குறையலை!"

சோலைமலைக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. விஷயத்தைக் கேட்ட மொக்கைச்சாமி, "சோதிச்சுப் பாத்துருவோம்" என்றான்.

மூவரும் வேட்டியைத் தளர்த்திக்கொண்டு அடுத்த பந்தியில் போய் உட்கார்ந்தார்கள். சோலைமலை ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டான்.

"இப்பப் பாரு மாப்ள, குறையுதா?"

துரைக்கண்ணு பானைக்குள் தலையை விட்டுப் பார்த்திருக்க வேண்டும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இல்லடா. இன்னுங்கொஞ்சம் வேகமாச் சாப்பிடுங்க."