கண்ணோரம் இரண்டு, கழுத்தில் ஒன்று

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தபோது, கிழக்கு ஆப்பிரிக்காவின் மலைக்காட்டில் மஞ்சள் வயிறும் சாம்பல் நீலத் தலையுமாக ஒரு சின்னக் குருவி இருந்தது. உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. வழியில் அகப்பட்ட உயிரையெல்லாம் கடித்துக் குதறும் படையெறும்புகள் வரிசையாகப் போனால் பின்னாலேயே போகும். பயந்து ஓடிவரும் பூச்சிகளைச் சத்தமில்லாமல் பிடித்துத் தின்னும். வாயைத் திறந்தால் மற்ற பறவைகள் பங்குக்கு வந்துவிடுமே.

நியாம்புரா என்ற பெண் ஒருநாள் கைக்குழந்தை வங்கேச்சியை மரத்தடியில் தூங்கப் போட்டுவிட்டு, சற்றுத் தள்ளி விறகு வெட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு பறவை விடாமல் கூப்பிட்டது. அந்த மலையில் பறவை மனிதரைக் கூப்பிட்டால் தேனடைக்கு வழிகாட்டத்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், இன்றைக்குத் தேன் வேண்டாம், பானை கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டாள். பாவம், அவளுக்கென்ன தெரியும்?

குருவி பறந்துவந்து கோடரிக் காம்பிலேயே உட்கார்ந்தது.

“தேனும் இல்ல, ஒண்ணும் இல்ல. எறும்புப் படை உன் புள்ளகிட்ட வந்துடுச்சு, ஓடு.”

ஓடினாள். எறும்புகளுக்கும் குழந்தையின் காலுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. வாரியெடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். அதற்குள் குருவியின் சத்தம் கேட்டு வந்த பறவைக் கூட்டம் பூச்சிகளை ஒன்று விடாமல் தின்று தீர்த்திருந்தது. நியாம்புரா ஓர் உளுத்த கட்டையைப் பிளந்து, உள்ளேயிருந்த புழுக்களையெல்லாம் குருவிக்குக் கொட்டினாள். அதோடு அவள் மனசு ஆறவில்லை.

அந்த ஊரில் நன்றியை வாயால் சொல்வதில்லை. வெள்ளைச்சோள மாவை விரலில் தொட்டு, உதவியவர் நெற்றியில் வைப்பார்கள். மடியில் மாவு இருந்தது. ஆனால் குருவிக்கு நெற்றியை எங்கே தேடுவது? விரல் வைத்தால் தலையே மறைந்துவிடும். யோசித்துவிட்டு, ஒரு சுள்ளியின் நுனியால் மாவைத் தொட்டாள்.

“பார்த்தது உன் கண்ணு” என்று இரண்டு கண்ணோரமும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். “கூப்பிட்டது உன் தொண்டை” என்று கழுத்தில் ஒன்று வைத்தாள்.

குருவிக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை வெளுப்போடு திரிந்தால் பருந்தின் கண்ணில் படுவேனே என்று முனகியது.

“அப்போ கழுத்துல இருக்கறத இறகால மூடிக்க. பாடறப்ப மட்டும் காட்டு” என்றாள் நியாம்புரா.

அன்று முதல்தான் அந்தக் குருவிக்குக் கண்ணோரம் இரண்டு வெள்ளை நட்சத்திரங்கள். கழுத்திலிருப்பதை மூடி வைத்திருந்து, பாடும்போது மட்டும் காட்டுகிறது. எத்தனை மழை பெய்தும் அந்த மாவு இன்னும் கரையவில்லை.