சிரிக்காத தம்பி

கூத்தில் கோமாளி வேஷம் என்றால் பொன்னுரங்கன்தான். தாசில்தார் இருமினால் எப்படி, சம்பந்தியம்மாள் மூக்குச் சிந்தினால் எப்படி என்று அவர் செய்து காட்ட, ஊரே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். சொந்தத் தம்பி ஏகாம்பரம் மட்டும் சுவர் மாதிரி உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் பொன்னுரங்கன் தம்பியை இழுத்துக்கொண்டு மலையடிவார மடத்துக்கு வந்தார். குரு தையலம்மாவுக்கு அவரில் பாதி வயசுதான். ஆனாலும் சிஷ்யர் சிஷ்யர்தானே, கைகட்டி நின்றார்.

“அம்மா, இவனுக்கு மனச்சிதைவு. மாத்திரையில காதுக்குள்ள கேட்ட குரலெல்லாம் அடங்கிடுச்சு. ஆனா சிரிப்பு, ஆசை, பேச்சு எதுவும் திரும்பலை.”

“மாத்திரையை நிறுத்திடாதீங்க.”

“நிறுத்தலைம்மா. சந்தோஷத்தைப் பழக்கச் சொல்றாரு டாக்டர். நானும் ஆடாத ஆட்டமில்லை. இன்னிக்கும் சிரிக்கலைன்னா காப்பகத்துல விட்டுடப் போறேன்.”

“எங்கே, ஆடுங்க கோமாளியாரே.”

ஆடினார். அவர் வாயில் ஆடு கத்தியது, கண்டக்டர் விசிலடித்தார், கடைசியில் தையலம்மாவே வந்து உபதேசம் செய்தார். நிஜத் தையலம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ஏகாம்பரம் இமைக்கக்கூட இல்லை.

“பாத்தீங்களா?”

“பாத்தேன். உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது. வாங்க.”

மடத்துக் குளத்துப் படியில் தையலம்மா ஏகாம்பரத்தை உட்காரவைத்து, காலைத் தண்ணீரில் விடச் சொன்னார். குட்டி மீன்கள் மொய்த்துக் கொத்தின.

“எப்படி இருக்கு ஏகாம்பரண்ணே?”

நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது. “கூசுது.”

“எங்கே?”

“சுண்டுவிரல்கிட்ட.”

“அதையே கவனிங்க.”

பொன்னுரங்கன் தம்பியின் உதட்டோரம் பார்த்தார், கண்ணோரம் பார்த்தார். ஒரு சுளிப்பு இல்லை. கூசுதாம்! முகம் அம்மிக்கல்லாட்டம் கிடக்கு. இது என்ன சாதிக் கூச்சம்?

“காலை எடுத்துட்டுக் கண்ணை மூடுங்க. இப்ப?”

“நினைச்சா கூசுது.”

பொன்னுரங்கனுக்குத் தலை கிறுகிறுத்தது.

வெயில் ஏறியதும் கிளம்பினார்கள். ஏகாம்பரம் படியிலேயே நின்றான்.

“நாளைக்கும் வரலாமாண்ணே?”

அதே தட்டையான குரல், அதே முகம். பொன்னுரங்கன் அந்த முகத்துக்கு நேரே குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குருவிடம் திரும்பினார்.

“ஒண்ணும் புரியலைம்மா. இவனுக்குச் சந்தோஷமா, இல்லையா? முகத்துல ஒண்ணையும் காணோமே!”

“உங்க தம்பி உங்களை ஒரு கேள்வி கேட்டாரு கோமாளியாரே,” என்றார் தையலம்மா. “இன்னும் காத்துக்கிட்டு நிக்கிறாரு.”