வேலிக்கு வெளியே விழுந்த சருகுமான்

மூங்கில் காட்டு ஓடையோரம் ஒரு மரநாய் கள்ளுக்கடை நடத்தியது. அனுமதி கொடுத்த யானை இரண்டே நிபந்தனைகள் விதித்திருந்தது. கால் தள்ளாடுகிறவனுக்கு மேலும் ஊற்றக் கூடாது. போதை தெளியும்வரை அவனை வேலி தாண்டி அனுப்பக் கூடாது. மரநாயும் சரியென்று தலையாட்டியிருந்தது.

ஒரு சருகுமான் தினமும் அங்கே குடிக்க வரும். ஒருநாள் மதியம் அதன் மனைவி வேலியருகே வந்து நின்றது.

“அண்ணே, அவருக்கு ரெண்டு குடுவைக்கு மேல் தாங்காது. செந்நாய்கள் இந்தப் பக்கம் இறங்கியிருக்கு. பார்த்து ஊத்துங்க.”

“நான் பார்த்துக்கிறேன் தாயி. நீ கவலைப்படாமப் போ.”

அன்று நான்காவது குடுவையிலேயே சருகுமானின் முன்கால் மடங்கியது. மரநாய் அதைப் பார்த்தது. ஆனாலும், கள்ளுக்கு விலையாகச் சருகுமான் கொண்டுவந்த நெல்லிக்கனிகள் இன்னும் மிச்சமிருந்தன. ஐந்தாவதையும் ஊற்றியது.

சருகுமான் பானைமேல் சரிந்து விழுந்தது. பானை உடைந்தது. அங்கே குடித்துக்கொண்டிருந்த முள்ளம்பன்றிகள் முகம் சுளித்தன.

“எந்திரி மச்சான். இங்கே படுத்தால் கடை பேரு கெட்டுப்போகும்” என்றது மரநாய்.

“கால் நிக்கலை. கொஞ்சம் படுத்துக்கிறேனே.”

“வெளியே போய்ப் படு.”

மரநாய் அதை முட்டி முட்டி வேலிக்கு வெளியே தள்ளியது. பத்தடி தூரம்கூடப் போயிருக்காது. செந்நாய்கள் பாய்ந்தன. ஒரே ஓர் அலறல் கேட்டது. மரநாய் வேலிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டது.

மறுநாள் யானை விசாரித்தது.

“அவன் வாய், அவன் குடித்தான்” என்றது மரநாய். “செத்ததும் என் வேலிக்கு வெளியே. நான் எப்படிப் பொறுப்பு?”

“அவன் அறிவைத்தான் நீ ஊற்றி ஊற்றி மூழ்கடித்துவிட்டாயே! அதற்குப் பிறகு அவனுக்காக யோசிக்க வேண்டியவன் நீதான். அதற்காகத்தான் உனக்கு அனுமதி கொடுத்தேன்” என்றது யானை.

கடை இடிக்கப்பட்டது. மரநாய் காட்டைவிட்டு விரட்டப்பட்டது. போகிற வழியில் சருகுமானின் மனைவி நின்றிருந்தது. மரநாயால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“பார்த்துக்கிறேன்னு சொன்னீங்களே அண்ணே” என்றது அது.



மயக்கத்தை விற்பவன், மயங்கியவன் தெளியும்வரை அவன் உயிருக்குக் காவலன்.