நாள் முழுக்க வாய் திறக்காத செடி

அந்தக் காலத்தில் பூக்களுக்குப் பேச்சு உண்டு. ஆனால் விரிந்திருக்கும்போதுதான் பேசும். மொட்டுக்கு வாய் கிடையாது; வாடிய பூவுக்கும் கிடையாது. காலை வேளையில் ஒரு பூந்தோட்டத்தைக் கடந்து போனால் சந்தைக்குள் நுழைந்து வந்த மாதிரி காது இரையும்.

அந்தக் காலத்தில், கடலோரத்து உப்பளம் ஒன்றில் அங்காயி என்று ஒருத்தி வேலை பார்த்தாள். விடிவதற்கு முன்னே வீட்டைவிட்டுப் புறப்பட்டு, வெயில் சாய்ந்த பிறகுதான் திரும்புவாள். அதுவரைக்கும் அவள் கண்ணில் படுவது ஒரே வெள்ளை. பாத்தியில் உப்பு, வரப்பில் உப்பு, குவியல் குவியலாக உப்பு. நிமிர்ந்து பார்த்தால் வானமும் வெயிலில் வெளுத்துக் கிடக்கும். அதனாலோ என்னவோ, அவளுக்கு நிறம் என்றால் உயிர். வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவி, ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, நூலும் ஊசியுமாக உட்கார்ந்துவிடுவாள். பழைய வேட்டித்துணி, தலையணை உறை, எது கிடைத்தாலும் அதில் பூத்தையல் போடுவாள். நூலுக்குச் சாயமும் அவளே ஏற்றுவாள். மஞ்சள் கிழங்கை இடித்து மஞ்சள், சாயவேரைக் காய்ச்சிச் சிவப்பு.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டமும் போட்டிருந்தாள். அந்த மண்ணில் உப்பு பூத்துக் கிடந்ததால் எதுவும் முளைக்காது. அதனால் வேலை முடிந்து வரும் வழியில், மேட்டுக்காட்டிலிருந்து தினமும் ஒரு கூடை செம்மண் சுமந்து வந்து கொட்டினாள். செம்பருத்தி வைத்தாள், சங்குப்பூக் கொடி ஏற்றினாள். மண்ணோடு கலந்து வந்த விதை ஒன்று நூல் அலசும் கல்லுக்குப் பக்கத்தில் தானாக முளைத்தது. மந்தாரைச் செடி. சின்னச் சின்ன வெள்ளைப் பூ. காலையில் மற்றவர்களோடு சேர்ந்து விரிந்து, அவர்கள் சத்தத்தில் தன் குரல் கேட்காமல் நின்றுகொண்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தன் கையால் வைத்து, தன் தலையில் மண் சுமந்து வளர்த்த பூ ஒன்றுகூட விரிந்து நின்று அங்காயி பார்த்ததில்லை. அவள் போகும்போது எல்லாம் மொட்டு. வரும்போது எல்லாம் சுருட்டி மடித்து வாயை மூடியிருக்கும். மழைக்காலத்தில் உப்பள வேலை நின்றுவிடும்தான். ஆனால் அப்போது கடல்தண்ணீர் ஏறி, தோட்டமே கருகிப் போய்விடும்.

பார்த்தது அவள் புருஷன் பேச்சிமுத்துதான். அவன் இரவில் கடலுக்குப் போய்க் காலையில் கரையேறுகிறவன். செடிக்குத் தண்ணீர் விட்டு, பூக்களோடு கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுத் தூங்கப் போவான். சாயங்காலம் அங்காயி வந்ததும் அவனைப் பிடித்துக்கொள்வாள்.

"இன்னைக்குச் செம்பருத்தி எப்படி இருந்துச்சு? சொல்லுங்க!"

"செவப்பா இருந்துச்சு."

"எந்தச் செவப்பு? வெத்தலை போட்ட வாய் மாதிரியா, விடியற வானம் மாதிரியா?"

அவன் தலையைச் சொறிவான். "ஏட்டி, செவப்புன்னா செவப்புதான். வேகவச்ச நண்டு மாதிரி."

அதனால்தானோ என்னவோ, அவள் தைக்கும் பூவெல்லாம் நண்டு மாதிரியே இருந்தது. நண்டைத் தைத்தால் நண்டு நகரும். மீனைத் தைத்தால் துள்ளும். பூ மட்டும் ஊசியில் ஏறமாட்டேன் என்றது.

அந்தக் கோடை முடியப்போகும் சமயத்தில், அவள் அக்காள் மாரிக்கண்ணுக்குக் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி வருஷக்கணக்காகக் காத்திருந்து, ஏறாத கோயில் ஏறி, கேட்காத பேச்செல்லாம் கேட்டபிறகு பிறந்த பெண்குழந்தை. அங்காயிக்குத் தரையில் கால் பாவவில்லை. ஓடிப்போய்க் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "தொட்டில் சேலை என்னுதுக்கா! முழுக்கப் பூவாத் தச்சுக் கொண்டு வாரேன். எம்மவ பூவுக்குள்ளதான் தூங்கணும்" என்றாள்.

அக்காளின் மாமியார் பக்கத்திலேயே இருந்தாள். வாயில் வெற்றிலை அடக்கியபடி, "பூவா? போன தடவை ஒரு தலையணை தச்சுக் குடுத்தியே, அதுல இருந்தது நண்டா தேளான்னு எங்க வீட்டுல இன்னும் சண்டை நடக்கு. புள்ள பயந்துக்கிடாம" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காள் மட்டும் சிரிக்கவில்லை. தங்கையின் கையைப் பிடித்து, "நீ தச்சுக் கொண்டா. நண்டா இருந்தாலும் அந்தச் சேலையிலதான் எம்மவளப் போடுவேன்" என்றாள். அந்த வார்த்தைதான் அங்காயியைச் சுட்டது. தனக்காக நண்டைப் பூவென்று சொல்லும் நிலைமையை அக்காளுக்குக் கொடுக்கலாமா?

அன்று சாயங்காலம் அவள் தோட்டத்தில் நின்றுகொண்டு புருஷனிடம் சொன்னாள்: "நாளைக்குக் காலையில பூக்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ஒரே ஒரு நாள், நான் வர்ற வரைக்கும் விரிஞ்சிருக்க முடியுமான்னு. அவங்க முகத்தை ஒருதடவை பாத்துட்டா போதும், நான் தச்சிருவேன்."

பேச்சிமுத்து கேட்டான். பதிலையும் அப்படியே கொண்டு வந்தான்.

"செம்பருத்தி என்ன சொல்லுச்சு தெரியுமா? 'நாங்க சூரியனுக்குப் பூக்கறவங்க. உப்பள்ளுற கைக்காகக் காத்துக்கிட்டு இருப்போமா'ன்னுச்சு. சங்குப்பூ, 'மத்தியானத்துக்கு மேல எனக்குத் தலைவலி'ன்னு சொல்லிருச்சு."

"மந்தாரை?"

"அது ஒண்ணும் சொல்லல. பாத்துக்கிட்டே இருந்துச்சு."

அங்காயி வீட்டுக்குள் போனாள். சாயம் ஏற்றிய நூலை எடுத்துவந்து கல்லில் வைத்து அலசினாள். நல்ல தண்ணீர் அந்த ஊரில் தங்கம். ஒரு சொட்டுகூட வீணாக்காமல், அலசிய மஞ்சள் தண்ணீரையும் சிவப்புத் தண்ணீரையும் வழக்கம்போல மந்தாரையின் தூரில் ஊற்றினாள். "உனக்கு மட்டும் எப்பவும் கழனித்தண்ணிதான். கோவிச்சுக்காதே தாயி" என்று செடியைத் தடவிவிட்டுப் போனாள்.

மறுநாள் பகலில் நடந்ததைப் பின்னால் அந்தச் செடியே அவளிடம் சொன்னது.

விடிந்தது. செம்பருத்தி விரிந்தது, சங்குப்பூ விரிந்தது. பேச்சுச் சத்தம் எழுந்தது. மந்தாரை மட்டும் மொட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றது. தேனீக்கள் வந்து முட்டிப் பார்த்தன. "கதவைத் திற! எங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று இரைந்தன. மந்தாரை திறக்கவில்லை. உச்சி வெயில் ஏறியது. ஒவ்வொரு மொட்டுக்குள்ளும் இதழ்கள் திமிறின. பூக்க வேண்டிய வேளையில் பூக்காமல் நிற்பது, வந்த தும்மலை நாள் முழுக்க அடக்குவது மாதிரி. இலையெல்லாம் தொங்கிப் போயிற்று. மொட்டை மட்டும் விடவில்லை.

தூங்கி எழுந்து வந்த பேச்சிமுத்து செடியைப் பார்த்துத் திடுக்கிட்டான். "என்ன ஆச்சு இதுக்கு?" என்று செம்பருத்தியைக் கேட்டான்.

"நோயாத்தான் இருக்கும். காலையிலேருந்து ஒரு மொட்டும் விரியல. எங்களுக்கும் ஒட்டிக்கிடப் போகுது, சீக்கிரம் பிடுங்கிப் போடுங்க" என்றது செம்பருத்தி, தானே மூடிக்கொள்ளும் அவசரத்தில்.

ஒரு செடி போனால் போகட்டும், தோட்டமே போனால் அங்காயி தாங்கமாட்டாள் என்று நினைத்தான் அவன். அவள் வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மண்வெட்டியை எடுத்து வந்து தூரில் கொத்தினான். உள்ளே கிழங்கு மாதிரி பருத்த வேர் ஒன்று ஆழமாக இறங்கியிருந்தது.

ஒரே ஒரு பூவை விரித்து, "நிறுத்து, எனக்கு நோய் இல்லை" என்று சொன்னால் போதும். செடி பிழைத்துவிடும். ஆனால் அந்தச் செடியின் மொட்டெல்லாம் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒன்று விரிந்தால் அத்தனையும் விரிந்துவிடும். விரிந்த பூ அங்காயி வரும்வரை அந்த வெயிலில் நிற்காது. மண்வெட்டி வேரில் பட்டது. பால் மாதிரி வெள்ளையாய் வெட்டுத் தெரிந்தது. அப்போதும் மந்தாரை வாயைத் திறக்கவில்லை.

"என்னங்க செய்றீங்க!"

தலையில் செம்மண் கூடையோடு அங்காயி ஓடி வந்தாள். கூடையைத் தொப்பென்று போட்டாள்.

"நோய் புடிச்ச செடி புள்ள. பாரு, நாள் முழுக்க ஒரு பூ விரியல. மத்ததையும் கெடுத்திரும்."

அங்காயி மண்டியிட்டு உட்கார்ந்தாள். உப்பில் வெடித்த விரல்களால் ஒரு மொட்டைத் தொட்டாள். "நோய்ன்னா துவண்டு உதிர்ந்திருக்கும்ல? இது கல்லு மாதிரி இருக்கு. உள்ளுக்குள்ள என்னமோ துடிக்குங்க. அய்யோ, தொட்டுப் பாருங்களேன், துடிக்குது!"

அவள் சொல்லி முடிக்கவில்லை. கைக்குள் மொட்டின் நுனி பிளந்து, அதிலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"அங்காயிதானே? வந்துட்டியா?"

அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். விரல்களுக்கு நடுவே மொட்டு முழுக்க அவிழ்ந்தது. ஒன்று, பக்கத்தில் ஒன்று, பிறகு கிளை கிளையாக, அடக்கி வைத்த அத்தனையும் ஒரே நேரத்தில் படபடவென்று விரிந்தன. வாசனை வந்து முகத்தில் அடித்தது.

பூத்தது வெள்ளையா? இல்லை! ஒன்று தகதகவென்று மஞ்சள். இன்னொன்று சாயவேர்ச் சிவப்பு. ஒன்று பாதி மஞ்சள், பாதி சிவப்பு. இன்னொன்றில் வெள்ளை மேல் யாரோ சிவப்பு நூலை வெட்டிவெட்டித் தூவினமாதிரி கோடு.

"நீ வெள்ளைன்னுல்ல இவர் சொன்னாரு!" என்று கத்தினாள் அங்காயி.

"வெள்ளையாத்தான் பூப்பேன்னு நானும் நெனச்சேன். உள்ளயே இருந்ததுல எனக்கே தெரியல. எப்படி இருக்கேன்?" என்றது பூ, மூச்சு வாங்க.

பேச்சிமுத்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாயைப் பிளந்தான். "புள்ள, எல்லாம் உன் சாயத்தண்ணி! இத்தனை நாளும் ஊத்தினியே, இன்னைக்கு நாள் முழுக்க மூடிக் கிடந்ததுல உள்ளயே ஊறிருச்சு!"

அங்காயிக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "மண்ணைத் தள்ளுங்க, முதல்ல வேரை மூடுங்க! ஊசி எங்க? என் ஊசி எங்க?" என்று வீட்டுக்குள் ஓடினாள், நூல்கூடையைக் கவிழ்த்தாள், சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்ப ஓடி வந்தாள். செடிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, பூவைப் பார்த்துப் பார்த்துத் தைத்தாள். நீளக் காம்பு, விரிந்த வாய், உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும் மகரந்த இழை. ஊசி துணியில் ஓடிய வேகத்தைப் பார்த்து பேச்சிமுத்து அன்று கடலுக்குப் போவதையே மறந்துவிட்டான்.

மறுநாள் வேலைக்குப் புறப்படும்போது அவள் செடியிடம் சொன்னாள்: "எனக்கு ஒரு நாள் போதும் தாயி. இனிமே உன் இஷ்டம்போல காலையிலேயே பூத்துக்கோ."

செடி அன்று சாயங்காலம்தான் பதில் சொன்னது. "காலையில எல்லாரும் பேசுவாங்க, கேக்க ஆளில்ல. இப்ப நீ வர்ற, உக்காந்து பாக்கிற. எனக்கு இந்த நேரம்தான் பிடிச்சிருக்கு."

தேனீக்களுக்குக் கோபம். "பகல்ல கதவு திறக்காதவ வீட்டுக்கு நாங்க வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டன. அதனால் என்ன? தனக்கென்று ஒரு பூ கிடைக்காமல் இருட்டில் சுற்றிக்கொண்டிருந்த அந்துப்பூச்சி அந்த வாசனையைப் பிடித்து வந்தது, நீண்ட நாக்கை நீட்டித் தேன் குடித்தது, நாள்தோறும் வந்தது.

வேர்க்காயம் ஆறியது. செடி இரண்டு மடங்காகப் புதர் கட்டியது. சேலையும் முடிந்தது. முதல் மழை விழுந்த வாரத்தில் அக்காள் வீட்டில் தொட்டில் கட்டினார்கள். அங்காயி சேலையை உதறி விரித்தாள். வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாமியார் எழுந்து வந்தாள். குனிந்தாள். ஒரு பூவை மூக்கருகே இழுத்து முகர்ந்து பார்த்தாள்!

"துணி அத்தை, அது துணி!" என்று மாரிக்கண்ணு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. குழந்தையைத் தூக்கிப் பூவுக்கு நடுவே கிடத்தினாள். குழந்தை ஒரு சிவப்புப் பூவைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

மிளகு போலக் கறுத்த மந்தாரை விதைகளை உப்பளத்துப் பெண்கள் முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். களத்துமேட்டுக்கும் வலை உலர்த்தும் வாடிக்கும் தறிக்கூடத்துக்கும் அவை பரவின.

அன்று முதல்தான் அந்தச் செடிக்கு அந்திமந்தாரை என்று பேர் வந்தது. அன்று முதல்தான், மற்ற பூவெல்லாம் கடையைக் கட்டிக்கொண்ட பிறகு, வேலைக்குப் போனவர்கள் களைத்து வீடு திரும்பும் நேரம் பார்த்து, ஒரே செடியில் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாக அது ஆசையாசையாய் விரிகிறது.