நாலாவது வாளி உப்பு

ஈரோட்டில் பல் பிடுங்கும் குரு ஒருவர் இருந்தார். பெயர் டாக்டர் பூங்கோதை. வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவருக்கு வாய்த்த ஒரே சீடர் நாச்சிமுத்துவுக்கோ அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் மண்டிக்காரர்.

நாச்சிமுத்து ஞானம் தேடிப் போனவர் இல்லை. கடைவாய்ப் பல் வலி தாங்காமல் போனார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த இடத்தில், சுவரோரமாக ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல். பச்சையும் ஊதாவுமாகப் பவளங்கள் விரல் விரலாக நீட்டி அசைந்துகொண்டிருந்தன. நடுவே ஒரு ஆரஞ்சு மீன், சொந்த வீட்டில் உலாத்துவதுபோல் உலாத்தியது. நாச்சிமுத்து கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். உள்ளே கூப்பிட்டபோது எழுந்திருக்க மனமே வரவில்லை.

பல்லைப் பிடுங்கி முடித்ததும், வாயில் பஞ்சோடு கேட்டார். "அதெல்லாம் உசுருள்ளதுங்களா டாக்டரம்மா?"

"உசுருள்ளதுதாண்ணா."

"நானும் வெக்கலாங்களா?"

"வெக்கலாம். பொறுமை இருக்கா?"

"மூட்டை மூட்டையா இருக்குதுங்க."

அது பச்சைப் பொய். கொதிக்கிற காபியை ஆறும்வரை வைத்திருக்கத் தெரியாத மனிதர் என்பது மண்டியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆசை வந்துவிட்டதே. தொட்டி வாங்கினார். கல் வாங்கினார், விளக்கு வாங்கினார். டாக்டர் சொன்னபடி மாதக்கணக்கில் வெறும் தண்ணீரையும் கல்லையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் டாக்டர் தன் தொட்டியிலிருந்த பவளத்தில் கட்டைவிரல் அளவு துண்டு ஒன்றை வெட்டி, தண்ணீர்ப் பையில் போட்டுக் கொடுத்தார்.

"என் தொட்டியில பொறந்ததுண்ணா. பாத்துக்கங்க."

நாச்சிமுத்து அதை, பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து பேரனைக் கொண்டுவருவதுபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அந்த வாரமே அது விரிந்தது. விரல் நுனியெல்லாம் இளம்பச்சை. நாச்சிமுத்து தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். தபால்காரரைக்கூட விடவில்லை.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம்.

கடல் தொட்டிக்குக் கடல் தண்ணீர் வேண்டும். ஈரோட்டில் அதை நாமே கலக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கென்றே வாளியில் ஒரு உப்பு வருகிறது. அதைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து, வாராவாரம் பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். நாச்சிமுத்து முதலில் வாங்கியது கடைக்காரர் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு வாளி. பவளம் விரிந்தது அந்தத் தண்ணீரில்தான்.

ஆனால் செல்போனில், தொட்டி வைத்திருப்பவர்களின் குழு ஒன்றில் சேர்ந்திருந்தாரே! அங்கே ஒருவர், "இன்னுமா அந்த உப்பைப் போடறீங்க?" என்று கேட்டுவிட்டார். வியாபாரி ரத்தம் சூடாகிவிட்டது. மண்டியில் நேற்று எடுத்த மஞ்சளைவிட இன்று வந்தது நல்ல நிறமாக இருந்தால், நேற்றையதைத் தள்ளிவிட்டு இன்றையதை எடுப்பார். வாழ்நாள் பழக்கம். சுண்ணாம்புச் சத்து அதிகம் என்று எழுதியிருந்த இரண்டாவது வாளியை வாங்கினார். நல்ல சரக்கில் என்ன கஞ்சத்தனம் என்று, ஒரே மூச்சில் பாதித் தொட்டித் தண்ணீரை மாற்றினார்.

பவளம் சுருங்கியது.

உப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி, மூன்றாவது வாளிக்குத் தாவினார். மறுபடியும் பாதித் தொட்டி. பவளம் முழுக்க உள்ளே போய்விட்டது. வெள்ளை ஓட்டின் விளிம்பு தெரிந்தது. நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

"சமையலுக்கு உப்பு தீந்துபோச்சுன்னு எத்தன தடவ சொல்றது?" என்றார் அவர் மனைவி தெய்வானை. "ஊட்டுல மூணு வாளி உப்பு இருக்குது. ரசத்துக்கு ஒரு சிட்டிகை இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை நாலாவது வாளி வந்து இறங்கியது. கப்பலில் வந்த சரக்கு. வாளியில் ஒட்டியிருந்ததை நாச்சிமுத்து ஒரு வரி விடாமல் படித்தார். இதுதான். இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்! வாளியைத் தூக்கி ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு, ஒரே ஓட்டமாக டாக்டரிடம் போனார்.

கிளினிக்குக்கு விடுமுறை. டாக்டர் ஒரு நீல டிரம்மைக் காலால் தள்ளித் தரையில் உருட்டிக்கொண்டிருந்தார். அது அவருடைய உப்பு டிரம். உப்பில் நுண்ணியது அடியில் தங்கிவிடும், எல்லாம் ஒன்றாகக் கலக்கட்டும் என்று, எடுப்பதற்கு முன்னால் எப்போதும் அப்படிச் செய்வார். டிரம்மின் மேல் ஒட்டியிருந்த பெயர் என்றோ தேய்ந்து போயிருந்தது. நாச்சிமுத்து ஒருமுறை யாரும் பார்க்காதபோது நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. "அது என்ன உப்புங்க?" என்று கேட்டால், "உப்புதாண்ணா" என்பதோடு சரி. அதில் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று அவருக்கு நிச்சயம்.

"டாக்டரம்மா! பவளம் போயிருமாட்ட இருக்குதுங்க. நீங்க குடுத்ததுங்க. எனக்கு மனசே ஆறலீங்க." மூச்சு வாங்கியது. "இன்னைக்கு ஒரே ஒரு பதில் சொல்லிப்போடுங்க. இருக்கறதுலயே நல்ல உப்பு எதுங்க? இதுதானுங்களே?"

டாக்டர் வாளியைப் பார்த்தார். நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தார்.

"காபி குடிங்கண்ணா. உக்காருங்க."

நாச்சிமுத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். டம்ளர் நிறையக் காபி வந்தது. வாய்க்குக் கொண்டுபோனார்.

"அண்ணா, இதைவிட அந்த மெத்தை வெச்ச சேர் நல்லா இருக்கும். அதுல உக்காருங்க."

எழுந்து போய் அதில் உட்கார்ந்தார். டம்ளரைத் தூக்கினார்.

"அதைவிட என் சேர் நல்ல சேர்ண்ணா. சுத்தும். இங்க வாங்க."

மரியாதைக்கு எழுந்தார். காபி வேட்டியில் சிந்தியது. உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னும் கொஞ்சம் சிந்தியது.

"இங்க இருக்கறதுலயே ஒசந்த சேர் எது தெரியுமாண்ணா?"

"வேண்டாமுங்க, டாக்டரம்மா."

"வாங்க. வெளிநாட்டுச் சரக்கு."

பல் பிடுங்கும் நாற்காலி. குரு சொன்னால் ஏறத்தானே வேண்டும். ஏறிச் சாய்ந்தார். டம்ளரை உதட்டருகே கொண்டுபோகும் நேரம் பார்த்து டாக்டர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது. மிச்சக் காபி முழுக்க நெஞ்சில்.

"நல்லா இருக்காண்ணா?"

"சேரு எதுலயும் குத்தமில்லீங்க!" நாச்சிமுத்து கத்தியேவிட்டார். "ஒரு எடத்துல உக்கார வுட்டீங்கன்னாத்தானுங்க ஒரு வாய் குடிக்க முடியும்?"

அந்த நாற்காலியில் படுத்தவர்களெல்லாம் வாயைத் திறந்தபடிதான் கிடப்பார்கள். நாச்சிமுத்து வாயை மூடிக்கொண்டார். படுத்தபடியே தலையைத் திருப்பினார். திறந்திருந்த கதவு வழியாக டாக்டரின் தொட்டி தெரிந்தது. அவருடைய பவளத் துண்டைப் பெற்ற தாய்ப்பவளம் அதில் ஆடிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்த மொத வாளியில பாதி இருக்குதுங்க. அதுக்கே போயிருட்டுங்களா?"

"போங்க. கொஞ்சங் கொஞ்சமா."

"வேற என்னுங்க பண்ணோணும்?"

"ஒண்ணும் பண்ணக்கூடாதுண்ணா."

"ஒண்ணுமேங்களா?"

"ஒண்ணுமே."

அதைவிடக் கடினமான வேலையை யாரும் அவருக்கு இதுவரை கொடுத்ததில்லை. பழைய உப்பு வாளியை மாடி முழுக்க உருட்டினார். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டார். ஒரு குடம் தண்ணீரை மட்டும் மாற்றினார். அப்புறம் பிரிக்காத நாலாவது வாளியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தார். கை பரபரக்கும்போதெல்லாம் அதைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். செல்போன் குழுவிலிருந்து வெளியேறினார். தெய்வானை வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அவரை இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

வாரங்கள் போயின. வாரம் ஒரு குடம். பவளம் அசையவே இல்லை. ஒருநாள் அது செத்துவிட்டது என்றே நினைத்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்போதும் வாளியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பிறகு ஒரு காலை. விளக்கைப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் வாளியில் உட்கார்ந்தார். ஓட்டின் விளிம்பில் ஏதோ பச்சையாக, எள்ளளவு. கண்ணைக் கசக்கினார். எள் நீண்டது. பக்கத்தில் இன்னொன்று.

"ஏ தெய்வானை! இங்க வா! ஓடியா!"

கரண்டியோடு ஓடிவந்த தெய்வானையும் அப்படியே நின்றுவிட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் போகவில்லை.

நாச்சிமுத்து டாக்டருக்குப் போன் போட்டார். என்ன பேசினார் என்பது அவருக்கே தெரியாது. டாக்டர் ஈரத் தலையோடு, நோயாளிகளைக் காக்கவைத்துவிட்டு வந்து சேர்ந்தார். அதற்குள் பவளம் ஐந்தாறு விரல்களை நீட்டியிருந்தது. டாக்டர் குனிந்து கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்த்தார். குருவுக்கும் கண் கலங்கியதை நாச்சிமுத்து பார்த்தார். அவருக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். தெருவில் இறங்கி ஓட வேண்டும்போல் இருந்தது.

ஆனாலும் மஞ்சள் வியாபாரி இல்லையா? அரித்துக்கொண்டே இருந்தது.

"டாக்டரம்மா, நான் இனி மாத்தவே மாட்டனுங்க. சத்தியமா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இத்தன வருசமா அந்த ஒரே உப்பத்தான் போடறீங்க. அப்பேர்ப்பட்டதை ஆரம்பத்துல எதைப் பாத்துங்க எடுத்தீங்க?"

டாக்டர் பவளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்குக் கடையில அது ஒண்ணுதாண்ணா இருந்துச்சு."