சிப்ஸ் தின்ற வரையாடு

"'காலையில் புல், மத்தியானம் புல், சாயங்காலம் மறுபடியும் புல். இதைத் தின்று நான் என்னத்தைக் கண்டேன்?' இதையே இன்றைக்கு ஏழாவது தடவை சொல்கிறாய், வெண்மூக்கி. எட்டாவது தடவை சொல்வதற்கு முன்னால் அந்தப் பாறைமேல் ஏறிக் காட்டு, பார்ப்போம்" என்றது சாம்பி.

ஒரு காட்டில், அதுவும் மரமெல்லாம் முடிந்து வெறும் புல்லும் பாறையும் தொடங்கும் மலை உச்சியில், இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டை போட்டவை இரண்டு வரையாடுகள். வரையாடு என்றால் தெரியுமா, குழந்தைகளே? சுவர்போல நிற்கும் மலையில், நாம் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறிப் போகும் ஆடு. புலம்பியது வெண்மூக்கி. அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டியது அதன் அண்ணி சாம்பி. இரண்டும் ஒரே பனிக்காலத்தில் பிறந்தவை. சாம்பியின் நாக்கு மட்டும் இரண்டு பனிக்காலம் முன்பே பிறந்துவிட்டது.

ஏறிக் காட்டு என்று சொன்ன பாறை அப்படி ஒன்றும் பெரியதில்லை. வெண்மூக்கியின் குட்டி பொட்டு, பிறந்து நான்கே மாதம், அந்தப் பாறையின் உச்சியில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

வெண்மூக்கி முன்னங்கால்களைத் தூக்கி வைத்தது. வயிறு இடித்தது. பின்னங்கால் சறுக்கியது.

"பாறை ஈரமாக இருக்கிறது அண்ணி."

"மூன்று வாரமாக இங்கே ஒரு தூறல்கூட இல்லை."

"அப்படியென்றால் என் குளம்பு ஈரமாக இருக்கும்."

"அது ஈரமில்லை. நேந்திரங்காய் சிப்ஸ் எண்ணெய்."

வெண்மூக்கிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. உண்மை அதுதான். மலைக்குக் கீழே ஒரு தார்ச்சாலை. அதில் ஒரு கொண்டை ஊசி வளைவு. காரில் வருகிறவர்கள் அங்கே நிறுத்தி, படம் எடுத்து, கையில் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். சிப்ஸ், மிக்சர், முறுக்கு, பிஸ்கட். கோடை தொடங்கியதிலிருந்து வெண்மூக்கிக்குச் சாப்பாடு அங்கேதான்.

"மழைமூட்டம் இறங்க இன்னும் இரண்டு பௌர்ணமிதான் இருக்கிறது. எதிரே பார்" என்றது சாம்பி.

எதிரே மேகப்பாறை நின்றது. அதை முழுதாகப் பார்க்கக் கழுத்தை முதுகுவரை சாய்க்க வேண்டும். அப்போதும் உச்சி தெரியாது, அங்கே மேகம் உட்கார்ந்திருக்கும். இந்தப் பக்கத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு பிளவு. அதற்குள் ஒரு கல்லைத் தள்ளிவிட்டு, ஒரு வாய்ப் புல்லை மென்று விழுங்கிய பிறகுதான் கல் அடியைத் தொட்ட சத்தம் வரும். அவ்வளவு ஆழம்.

மழைமூட்டம் இறங்கும் நாளில் மந்தை முழுவதும் அந்தப் பிளவைத் தாண்டிவிடும். ஏனென்றால் மூட்டத்தில் சிறுத்தை வரும். முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாலும் தெரியாது. மேகப்பாறையின் விளிம்புகளிலோ சிறுத்தையால் ஓர் அடிகூட வைக்க முடியாது. அந்தப் பக்கம் போய் இறங்க இருப்பது ஒரே ஒரு விளிம்பு. ஒரு தோசைக்கல் அகலம். முதலில் தாய் தாண்டும். குளம்பு பட்ட கையோடு மேலே எம்பி இடத்தைக் காலி செய்யும். பிறகு அதே இடத்தில் குட்டி வந்து இறங்கும். தாய் தாண்டாமல் குட்டி தாண்டாது. தாய் விளிம்பிலேயே நின்றுவிட்டால் குட்டிக்கு இறங்க இடம் கிடையாது.

"போன வருடம் தாண்டினேனே அண்ணி."

"போன வருடம் தாண்டியது வேறு ஆடு. அது எங்கே போயிற்று என்றுதான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்."

இதற்குமேல் அங்கே நிற்க முடியுமா? வெண்மூக்கி விறுவிறுவென்று கீழே இறங்கிவிட்டது. இறங்குவது சுலபம். பொட்டும் பின்னாலேயே ஓடியது.

வளைவில் ஒரு நாவல் மரம். அதில் கிட்டான் என்ற குரங்கு குடும்பத்தோடு இருந்தது. மனிதர்கள் போடும் பாக்கெட்டைப் பொறுக்கிப் பல்லால் கிழித்துக் கொடுப்பது அதன் வேலை.

"வாருங்கள் அக்கா. உங்களைப் பார்க்காமல் காலையிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை" என்றது கிட்டான். கன்னப் பைகள் இரண்டும் உப்பியிருந்தன.

"அண்ணி என்னைக் குண்டு என்று சொல்லிக் காட்டுகிறாள்."

"பொறாமை அக்கா. இப்படிச் செழிப்பாக இருக்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது? சரி, மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் இந்த பிஸ்கட்டைச் சாப்பிடுங்கள். இது உடம்பை இளைக்க வைக்கிற பிஸ்கட். காரில் வந்த அம்மா சொன்னாள். பாக்கெட்டில் படம்கூடப் போட்டிருக்கிறது, பாருங்கள், இடுப்பே இல்லாத ஒரு பெண்."

வெண்மூக்கி படத்தைப் பார்த்தது. "அப்படியென்றால் இரண்டு பாக்கெட்டாகக் கொடு" என்றது.

இரண்டு பாக்கெட்டும் தீர்ந்தன. பிஸ்கட் தித்தித்த வாய்க்கு உப்பாக ஏதாவது வேண்டியிருந்தது, ஒரு பாக்கெட் சிப்ஸும் போயிற்று. கண் சொருகியது. சாலையோரச் சுவருக்குப் பின்னால் குட்டியை அணைத்துக்கொண்டு படுத்தது.

விழித்தபோது மேலே மரத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கிட்டானின் மனைவி கேட்டது, "நம் பிள்ளைகளுக்கே போதவில்லை. அந்த ஆட்டுக்கு எதற்கு இப்படி வாரிக் கொடுக்கிறாய்?"

"அடி பைத்தியக்காரி, போன மழைக்குச் சிறுத்தை இந்த வளைவுக்கு வந்து உன் தம்பியைத் தூக்கிக்கொண்டு போகவில்லையா? இந்த மழைக்கு அது வரும்போது கண்ணில் முதலில் எது படும்? நாமா, ஓட முடியாத அந்தக் கொழுத்த ஆடா?"

"மூட்டம் இறங்கினால் ஆடு மலைக்குப் போய்விடுமே."

"அந்த உடம்பை வைத்துக்கொண்டு எங்கே போகும்? இங்கேதான் கிடக்கும். குட்டியும் கூடவே கிடக்கும். சிறுத்தைக்கு இரண்டு நாள் வந்துவிடும்."

வெண்மூக்கி சத்தமில்லாமல் எழுந்தது. பொட்டை மூக்கால் தள்ளி எழுப்பியது. ஏறத் தொடங்கியது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறிய வழி. இப்போது பதினோரு இடத்தில் நின்றது. பதினோரு இடத்திலும் பொட்டு திரும்பி வந்து பக்கத்தில் நின்றது. அதுதான் வெண்மூக்கிக்குப் பொறுக்கவில்லை.

நடந்ததைக் கேட்ட சாம்பி முதல் தடவையாகக் குத்தலாக எதுவும் சொல்லவில்லை. கேட்டது இவ்வளவுதான், "வளைவுக்குப் போனதும் எதன்மேல் முதலில் கண் போகும்?"

"சிப்ஸ்மேல்."

"பிஸ்கட் இனிக்குமே, அது ஏன் இல்லை?"

"சிப்ஸில்தானே அண்ணி உப்பு இருக்கிறது."

"அவ்வளவுதான் விஷயம். உனக்கு வந்தது பசி இல்லை. உப்புக்கு ஏங்கியிருக்கிறாய். நாமெல்லாம் நக்குகிற உப்புப் பாறைக்கு நீ போய் எத்தனை நாளாயிற்று?"

"அவ்வளவு உயரம் ஏறத்தான் முடியவில்லையே."

"ஏற முடியாததால் உப்பு இல்லை. உப்பு இல்லாததால் வளைவு. வளைவுக்குப் போவதால் ஏற முடியவில்லை. நன்றாகத்தான் சுற்றி வந்திருக்கிறாய்."

"இனிமேல் நான் ஒன்றுமே தின்னப் போவதில்லை அண்ணி."

"பட்டினி கிடந்தால் பிளவுக்கு நடுவில் மயங்கி விழுவாய். தின்ன வேண்டும். எதை, எங்கே நின்று தின்கிறோம் என்பதுதான் கேள்வி. நாளைக்கு விடியட்டும்."

விடிந்தது. முதலில் ஓடையில் வயிறு குளிரத் தண்ணீர். பிறகு பனி காயாத இளம்புல், அவசரமில்லாமல். வெயில் ஏறியதும் நிழலில் உட்கார்ந்து அசைபோட வேண்டும் என்றது சாம்பி. வெண்மூக்கிக்கு அது மறந்தே போயிருந்தது.

"சிப்ஸ் உள்ளே போனதும் காணாமல் போய்விடும், மறுபடி கை நீட்டச் சொல்லும். புல் அப்படியில்லை. திரும்ப வாய்க்கு வந்து, நீ சாப்பிட்டாயிற்று என்று உனக்கே ஞாபகப்படுத்தும். மெல்லு."

மத்தியானச் சாப்பாடு பாறை இடுக்குகளில். ஒரு கொத்துக் கீரை இங்கே இருந்தால் அடுத்த கொத்து பத்தடி மேலே. தட்டில் வைத்துத் தரமாட்டேன், ஏறித் தின்றுகொள் என்று சாம்பி சொல்லிவிட்டது. நடுவில் வாய் நமநமவென்று இருந்தால் நொறுக்குத் தீனியும் உண்டு. மொறுமொறு என்று வேண்டுமா, காய்ந்த புல்லின் விதைக்கதிர். புளிப்பாக வேண்டுமா, புளியாரை. இனிப்பாக வேண்டுமா, தவிட்டுப்பழம், அதுவும் ஒரு புதருக்கு நாலு பழம், மிச்சம் பறவைகளுக்கு. பொழுது சாய்வதற்குள் கடைசி வாய். வயிற்றில் கொஞ்சம் இடம் இருக்கும்போதே தலையைத் தூக்கிவிட வேண்டும்.

உப்புப் பாறைக்கு முதல் வாரம் பாதி வழிதான் ஏற முடிந்தது. அங்கேயே நின்று வெண்மூக்கி அழுதது. கீழே இருந்து காற்றில் மசாலா வாசனை வந்தது. கிட்டான் கூப்பிடுவதும் கேட்டது. பொட்டு காதை நிமிர்த்தியது. "அம்மா, அந்த மஞ்சள் சில்லு எனக்கும் பிடிக்கும், போகலாமா?" என்றது. வெண்மூக்கி இன்னும் இரண்டடி மேலே ஏறியது. குட்டியும் ஏறியது.

மூன்றாவது வாரம் உப்புப் பாறையில் நாக்கை வைத்தது. ஒரே ஒரு நக்கு. உடம்பு முழுவதும் ஏதோ ஒன்று அடங்கியது. அன்றைக்கு மசாலா வாசனை வந்தது, போயிற்று. அவ்வளவுதான்.

பிறகு ஒரு காலை. கீரைக் கொத்து ஒன்றை எட்டுவதற்காக வெண்மூக்கி நகர்ந்தது, தின்றது, கீழே பார்த்தது, அப்படியே நின்றுவிட்டது. அது நின்றது விரல் அகல விளிம்பில். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் நீலமாகக் கிடந்தது. எப்படி வந்தோம் என்று அதற்குத் தெரியவில்லை. குளம்புகள் தாமாகவே வழி தேடிக் கொண்டுவந்து விட்டிருந்தன. இத்தனை மாதமும் அந்த உடம்பு எங்கேயும் போகவில்லை. உள்ளேயே இருந்திருக்கிறது, பொறுமையாக. தன் காலையே யாரோ பெரியவருடைய காலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்னாலேயே மூட்டம் இறங்கிவிட்டது.

மேற்கிலிருந்து வெள்ளையாக ஒரு மலை நகர்ந்து வருவதுபோல, மழையோடு வந்தது. மரங்களை விழுங்கியது, புல்லை விழுங்கியது. மந்தை பிளவின் ஓரத்துக்கு ஓடியது. ஒவ்வொன்றாகத் தாண்டின. சாம்பியும் தாண்டிவிட்டது. இந்தப் பக்கம் மிஞ்சியது வெண்மூக்கியும் பொட்டும்தான்.

பின்னால் ஒரு கல் உருண்டது.

வெண்மூக்கி திரும்பிப் பார்த்தது. வெள்ளைக்குள் இரண்டு மஞ்சள் கண்கள். சிறுத்தை அவசரப்படவில்லை. அதற்கு எப்போதும் அவசரம் கிடையாது.

"பொட்டு, நான் குதித்த உடனே குதி. என்னைப் பார்க்காதே, விளிம்பைப் பார்" என்றது வெண்மூக்கி.

நான்கு குளம்புகளும் ஒரே இடத்தில் சேர்ந்தன. பிறகு தரையில் அது இல்லை.

கீழே அடியில்லாத பள்ளம். மேலே உச்சியில்லாத பாறை. நடுவில் ஓர் ஆடு, காற்றில். மழைகூட ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது என்று மந்தையில் பிற்பாடு சொல்லிக்கொண்டன. குளம்பு விளிம்பைத் தொட்டது. தொட்ட வேகத்திலேயே உடம்பு எம்பி மேலே போயிற்று, ஓர் இலை எழும்புவதுபோல. விளிம்பு காலியாக இருந்தது. அதே நொடி பொட்டு வந்து அதில் இறங்கியது.

சிறுத்தை பிளவின் ஓரம்வரை வந்தது. எதிர்ப் பாறையை அண்ணாந்து பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. அப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்துவிட்டால் சிறுத்தைக்கும் கொஞ்ச நேரம் பசி மறந்துதான் போகும். பிறகு நினைவு வந்து, திரும்பி, மலையை விட்டு வளைவுப் பக்கமாக இறங்கியது.

வளைவில் கார் எதுவும் வரவில்லை. மழைக்கு யார் வருவார்கள்? கிட்டானின் மனைவி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மெல்லிய நுனிக் கிளைக்குப் போய்விட்டது. அங்கே சிறுத்தையால் வர முடியாது. கிட்டானாலும் முடியவில்லை. ஆட்டுக்குக் கிழித்துக் கொடுத்த ஒவ்வொரு பாக்கெட்டிலும் பாதியைக் கிட்டானே தின்றிருந்தது. கால் வைத்த கிளையெல்லாம் வளைந்தது. கடைசியில் அடிமரத்துக் கவட்டையில் உட்கார்ந்துகொண்டது. சிறுத்தை கீழே வந்து படுத்து, பாதங்களை நக்கத் தொடங்கியது.

மேகப்பாறையின் உச்சியில் மழை பெய்துகொண்டிருந்தது. மந்தை நெருங்கி உட்கார்ந்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. வெண்மூக்கியின் வயிற்றோடு ஒட்டிப் பொட்டு தூங்கியது. மூட்டத்துக்குள்ளிருந்து, எங்கேயோ ரொம்பக் கீழேயிருந்து, ஒரு குரல் ஏறி வந்தது.

"அக்கா, நான் கிட்டான். கடைசியாக ஒரு பாக்கெட் வைத்திருக்கிறேன், உங்களுக்கென்று பிரிக்காமல் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை வளைவுவரை வந்துவிட்டுப் போங்களேன், அக்கா."

நீதி: தின்னக் கொடுப்பவர்கள் எல்லோரும் நம் பசிக்காகக் கொடுப்பதில்லை, நாம் தாண்ட வேண்டிய பிளவை நினைத்துக்கொண்டு வாயைத் திறக்க வேண்டும்.