முகூர்த்தத்தில் வந்த முட்டை

முன்னொரு காலத்தில் செங்கால் நாட்டை வீரகேயூரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். படையெடுத்து வந்தவனைக்கூட மன்னித்துவிடுவார். தன் சேவலைவிட அழகான சேவல் வைத்திருப்பவனை மன்னிக்கவே மாட்டார்.

அந்த ஆவணியில் நடந்த சேவல் அழகுப் போட்டியில் வல்லூர் அரசரின் சேவல் முதல் பரிசை அள்ளியது. கிளிபோல் வளைந்த மூக்கும் விசிறிபோல் விரிந்த வாலும் கொண்ட நம் ராஜாவின் சேவலுக்கு, இவ்வளவு தூரம் வந்ததற்காக, ஒரு துண்டு போர்த்தி அனுப்பினார்கள்.

ஐப்பசி பிறந்ததும் ராஜா சபையைக் கூட்டினார். "இப்போதே சேவலையும் பெட்டைகளையும் இணை சேர்த்தால்தான் அடுத்த ஆவணிக்குள் குஞ்சுகள் வளர்ந்து நிற்கும். என்றைக்குச் சேர்க்கலாம்?"

ராஜா முடி வெட்டிக்கொள்வதற்கும் நேரம் குறித்துத் தருபவர் ஆஸ்தான ஜோதிடர் நவநீதராயர். "ஐப்பசி ஏழு, மகாராஜா! தங்கள் ஜன்ம நட்சத்திரம். பத்தே நாளில் கூடை நிறைய முட்டை!" என்றார்.

இருபது வருடமாகச் சேவல் கொட்டிலைப் பார்த்துக்கொள்ளும் நல்லக்காள், உதிர்ந்த இறகுகளை மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள். "இது இறகு உதிர்க்கிற காலம், மகாராஜா. தின்ற தீனியெல்லாம் புது இறகுக்கே போயிரும். பெட்டைங்க முட்டை வைக்காது. தையில் கொண்டை சிவக்கும். அப்பச் சேர்க்கலாம்."

"என் முகூர்த்தத்தை மீறக் கோழிக்கு அவ்வளவு துணிச்சலா?" என்றார் ராயர்.

"அதுங்களுக்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியாதுங்களே, ஐயா."

சபை சிரித்தது. ராயரின் முகம் சிவந்தது. நல்லக்காளின் வேலையைத் தன் மச்சானுக்கு வாங்கித் தர அவர் வெகுநாளாகக் காத்திருந்தார். அந்த மச்சான் கோழியைக் குழம்பில் மட்டுமே சந்தித்தவன்.

ராஜா தீர்ப்புச் சொன்னார். "பத்து நாளில் முட்டை வந்தால் நல்லக்காள் நாட்டை விட்டுப் போகட்டும். வராவிட்டால் ராயர் ஜோதிடர் பட்டத்தை இழக்கட்டும்."

கொட்டிலைத் தவிர நல்லக்காளுக்கு வேறு வீடு கிடையாது.

ஐப்பசி ஏழில் மேளதாளத்தோடு இணை சேர்த்தார்கள். பாதி வால் உதிர்ந்திருந்த மாப்பிள்ளைச் சேவல் தவிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. பெட்டைகள் திரும்பியும் பார்க்கவில்லை. ஒன்பது நாள் ஓடியது. ஒரு முட்டையும் இல்லை.

பத்தாம் நாள் மத்தியானம் தீனிக்குக் கம்பு வாங்கப் போய்த் திரும்பிய நல்லக்காள் வைக்கோலில் பன்னிரண்டு முட்டைகளைக் கண்டாள். பெரிய முட்டைகள், லேசான பச்சை நிறம். வந்த சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டாள். ஊர்க் கோழியெல்லாம் இறகு உதிர்க்கும் காலத்தில் சந்தையில் கோழி முட்டை ஏது? ராயரின் மச்சான் வாத்து முட்டையை வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்!

மச்சானுக்கோ ராயருக்கோ வித்தியாசம் தெரியாது; ராஜாவுக்கும் தெரியாது. அவர் முட்டையை ஓட்டோடு பார்த்ததே இல்லை.

"தோத்துட்டேன், மகாராஜா," என்றாள் சபையில். "பொரிக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன். ஒரே ஒரு ஆசை. குஞ்சுங்க முதல்ல ராயர் ஐயா முகத்திலதான் முழிக்கணும். அவர் குறிச்ச நேரத்தில வந்த உசிருங்க இல்லையா?"

ராயர் உச்சி குளிர்ந்துபோனார்.

முட்டையே இல்லாமல் அடைக்கு உட்கார்ந்திருந்த ஒரு கிழட்டு நாட்டுக்கோழியின் அடியில் முட்டைகளை வைத்தாள். கோழிக்குஞ்சு பொரிக்க வேண்டிய இருபத்தொன்றாம் நாள் வந்தது, போனது.

"ஏன் தாமதம்?" என்றார் ராஜா.

"அரண்மனைக் குஞ்சுகள், மகாராஜா. அவசரப்படாது," என்றார் ராயர்.

இருபத்தெட்டாம் நாள் முட்டைகள் விரியத் தொடங்கியதும் நல்லக்காள் அவற்றைச் சூடான உமிக் கூடையில் சபைக்குக் கொண்டுவந்தாள். ராயர் பட்டுடுத்திக் கூடைமேல் குனிந்து நின்றார். ஓடு உடைந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"கிளிமூக்கு கொஞ்சம் தட்டையாக இருக்கிறதே, ராயரே?"

"வளர வளர வளையும், மகாராஜா."

"விரலுக்கு நடுவில் தோல் இருக்கிறதே?"

"அது... விசிறிவால் காலிலேயே ஆரம்பித்துவிட்டது, மகாராஜா!"

ஈரம் காய்ந்ததும் ஒரு குஞ்சு ராஜா கால் கழுவும் தாம்பாளத்தில் தொப்பென்று விழுந்து, சுகமாக நீந்தியது. ராயர் மெல்ல வாசலை நோக்கி நடந்தார். முதலில் பார்த்த முகத்தையே தாயென்று நம்பிய பன்னிரண்டு குஞ்சுகளும் கீச்சுக் கீச்சென்று வரிசையாக அவர் பின்னால் நடந்தன. அவர் ஓடினார், அவையும் ஓடின. தூணைச் சுற்றினார், அவையும் சுற்றின. ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டு போய்த் தாம்பாளத்தில் விழுந்தது.

"உனக்கு முன்பே தெரியுமா?" என்றார் கண்ணைத் துடைத்தபடி.

"முட்டையைப் பார்த்ததுமே தெரியும். நான் சொன்னா நம்பியிருப்பீங்களா? அதுங்களே வந்து சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

பட்டம் போய், ராயர் அரண்மனை வாத்துகளுக்குக் காவலரானார். மச்சான் குளக்கரையைக் கூட்டினான். இணை சேர்க்கும் நாளை இனி நல்லக்காளே சொல்ல வேண்டும் என்று ராஜா உத்தரவிட்டு, அவள் கையில் தங்கக் காப்பையும் பூட்டினார்.

தை பிறந்தது. கொண்டைகள் சிவந்தன. ஒரு பெட்டை வைக்கோலைக் கவ்விக்கொண்டு மூலை தேடிய அன்று நல்லக்காள் ஆளனுப்பினாள். தலையில் எண்ணெயோடு ஓடிவந்தார் ராஜா.

"இன்றைக்கா? இது ராகு காலமாயிற்றே!"

"அதைச் சேவல்கிட்டச் சொல்லுங்க, மகாராஜா," என்றாள் நல்லக்காள். "அது அப்பவே ஆரம்பிச்சிருச்சு."